ஆண் மரம்

மசாலாக் காய் தரும் பிமென்டோ மரத்தைப் பற்றி எவ்ரால்டுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பாழாய்ப்போன அந்த அறிவுதான் அவரை இப்போது தூங்கவிடாமல் அடிக்கிறது. காயைப் பச்சையிலேயே பறிக்க வேண்டும், உள்ளே விதைகள் கலகலக்கும்வரை வெயிலில் உலர்த்த வேண்டும், வாசனை முக்கால்வாசி தோலில்தான், கறுத்துப் பழுத்தால் குருவிக்குத்தான் ஆகும் என்று எப்போது கேட்டாலும் சொல்வார். மலைச்சாலை வளைவில் பன்றிக்கறியை அந்த மரத்து விறகின் புகையில் வாட்டி விற்கிறவர். வேறு விறகைப் போட்டால் ஊர்க்காரர்கள் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

போன வருடம் விறகுக்குப் பெரும் தட்டுப்பாடு. பக்கத்து நிலத்து மிஸ் ஐவரினிடம் நான்கு மரங்கள் இருந்தன. மூத்தவர்களை ஆணென்றால் மாஸ், பெண்ணென்றால் மிஸ் என்று மரியாதையாக அழைப்பது அந்த ஊர் வழக்கம். மூன்று காய்த்துக் குலுங்கும். நான்காவது பூக்கும், காய்க்காது. அது ஆண் மரம். அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் மற்ற மூன்றிலும் காய் பிடிக்கும். அம்மாளின் கணவர் லின்வால் இதை எவ்ரால்டிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். மனைவியிடம் சொல்லவில்லை போலும். லின்வாலைப் புதைத்த நாலாம் மாதம், எவ்ரால்ட் வேலியோரம் நின்று, காய்க்காத மரம் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று நைசாகப் பேச்சுக் கொடுத்தார். அந்த அம்மாள் நம்பி, வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இந்த வருடம் மூன்று மரங்களும் பூத்து, வெறுமனே உதிர்த்தன. போன தடவை கிளைகளை முரட்டுத்தனமாக ஒடித்துப் பறித்தேனே, அதுதான் மரங்கள் கோபித்துக்கொண்டன என்று மிஸ் ஐவரின் தன்னையே நொந்துகொண்டார். எவ்ரால்ட் ஞாயிறுதோறும் தட்டு நிறையக் கறி கொண்டுபோனார். அவர் நல்ல மனசைப் பற்றி அம்மாள் தேவாலயத்தில் எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க இவருக்குக் கூசியது. செய்ததோ திருட்டு, வாங்குவதோ புகழ்!

ஆகஸ்டில் விவசாய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மிஸ் ஐவரின், தன் வயிற்றுக்கோளாறுக்குக்கூட ஒரு பிடி காய் இல்லையென்று வருந்தி, வந்தவருக்கு அந்த மரத்து இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். காயில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டுதான், ஆனால் யார் அதைக் கூடை கூடையாகத் தின்கிறார்கள், வயிற்றுக்கு இலையே போதும் என்று அந்தப் பெண் தேற்றினார். பிறகு பருவம் தப்பிப் பூத்த ஒரு பூவை நகத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு, இதெல்லாம் பெண் மரம், ஆண் மரம் இல்லாமல் காய் பிடிக்காதே, அது எங்கே என்று கேட்டார்.

எவ்ரால்ட் கறித்தட்டோடு வாசலில் நின்றிருந்தார்.

மிஸ் ஐவரினின் முகம் வெளுத்தது. வெட்டியதில் மிஞ்சியிருந்த அடிமரத்தைக் காட்டினார். உடனே அவசர அவசரமாக, "மாஸ் எவ்ரால்டைக் குத்தம் சொல்லாதீங்க. அவருக்கு என்ன தெரியும் பாவம், அடுப்புப் பக்கம் நிக்கிற மனுஷன். வெட்டச் சொன்னது நான்தான்" என்றார்.

அப்படியே நழுவிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் 'பாவம்' என்ற அந்தச் சொல்லை எவ்ரால்டால் தாங்க முடியவில்லை.

"தெரியும், மிஸ் ஐவரின். தெரிஞ்சுதான் வெட்டினேன். லின்வால் எங்கிட்ட சொல்லியிருக்காரு."

"என்ன சொன்னாரு?"

எவ்ரால்ட் கறித்தட்டைக் கீழே வைத்தார்.

"அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லுங்க."

"இவனை வெட்டினா மத்த மூணும் விதவைதான், எவ்ரால்டுன்னு சிரிச்சாரு."

மிஸ் ஐவரின் அவரை நேராகப் பார்த்தார். கண் நிறைந்தது, குரல் உடையவில்லை.

"அது தெரிஞ்சும், அவரைப் புதைச்ச நாலாம் மாசம் எங்கிட்ட வந்து கேட்டீங்க" என்றார்.