ஏழு தந்திக் கிதார் எந்த ஊர்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, இரண்டாம் மாடியில் கிதார் பழுது பார்க்கும் சிவேந்திரனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். இவர் கைநிறையச் சம்பளம் தந்த காப்புறுதி வேலையை விட்டுவிட்டுக் கிதாரும் கையுமாக உட்கார்ந்தபோது, அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வீம்போ என்னவோ, மனிதருக்குத் தொழிலில் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். "ஒரு ஸ்குரூவக் காட்டு, கிதார் எந்த ஊர்னு சொல்றேன்" என்பார். சும்மா சொல்லக்கூடாது, பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவும் சொல்லிவிடுவார்.

பத்தாவது தடவையை ராகுல் கொண்டுவந்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தும் செட்டியார் வீட்டுப் பிள்ளை. பழைய கிதார் என்றால் பைத்தியம். கிள்ளானில் பழைய சாமான் கடையொன்றில் அகப்பட்டது என்று மேசையில் ஒன்றை வைத்தார். மஞ்சள் மரத்தில் செய்த மின்சாரக் கிதார். பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. மேலே நான்கு தந்தி, பக்கவாட்டில் தனியாக மூன்று. கழுத்தில் விரல் வைத்து அழுத்தும் கட்டைகள் இருபத்து நான்கும் வழக்கத்தைவிட மிக உயரம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப் கையால் சுற்றியது. உடம்பின் அடிப்பக்கத்தில், யாரோ கடித்து எடுத்ததுபோல் வளைவாக ஒரு பள்ளம்.

சிவேந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஜப்பான். எழுபதுகள்ல செஞ்சது."

"ஷுவரா அங்கிள்?"

"ஷுவர் லா."

சொல்லிவிட்டாரே தவிர, நிரூபிக்க முடியவில்லை. மூன்று வாரம் ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் படம் படமாக அனுப்பினார். எல்லோரும் வியந்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பள்ளம் எதற்கு என்று கேட்டதற்கு ஒருவர் அழகுக்கு என்றார், இன்னொருவர் பாரம் குறைக்க என்றார்.

ராகுல் பொறுமையாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் தொலைபேசியில், "பேர் இல்லாத கிதார்னா சேத்து வச்சு என்ன பண்றது அங்கிள்? வாசிக்கவாவது செய்றேன். சைடு கம்பியெல்லாம் எடுத்துட்டு, பள்ளத்த அடைச்சு நார்மலா ஆக்கிடுங்க. சனிக்கிழமை முடிஞ்சிடுமா?" என்றார்.

முடியும் என்றார் சிவேந்திரன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இதைச் செய்தவன் முட்டாள் இல்லை என்பது அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏதோ காரணம் இருக்கிறது. அது தெரியாமல் ரம்பத்தை வைத்தால், வெட்டியது வெட்டியதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் மனைவி ராஜினி சாப்பாட்டோடு வந்தாள். பக்கத்துத் தெருப் பல் மருத்துவமனையில் வேலை. சோற்றை வைத்துவிட்டு, மேசையில் கிடந்த கிதாரின் பக்கத் தந்திகளைச் சுண்டு விரலால் மேல்நோக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"தாளத் தந்தியெல்லாம் வச்சிருக்கே! யாருங்க வீணைய இப்படிப் பண்ணுனது?"

சிவேந்திரன் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ராஜினி பதினைந்து வயதுவரை வீணை படித்தவள் என்பது இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரியும். நான்கு வாசிக்கும் தந்தி, மூன்று தாளத் தந்தி, இருபத்து நான்கு மெட்டு. இழுத்து வாசிக்கத்தான் அந்த உயரம். மஞ்சள் மரம் பலா. வீணை செய்கிற அதே பலா. அதற்கு இந்த மேதாவி ஜப்பான் மல்பெரி என்று பெயர் வைத்திருந்தார். வீணைக்குப் பெரிய குடம் உண்டு, இதற்கு இல்லை. குடத்தை எடுத்துவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? அதற்குத்தான் மின்சாரம்! யோசிக்க யோசிக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கூடவே வெட்கமும் வந்தது. உலகமெல்லாம் விசாரித்தவர், கிள்ளான் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளூரில் இப்படி ஒன்றைச் செய்ய ஆள் இருக்கும் என்று தோன்றவே இல்லை. போன் போட்டார். கடைக்காரர் யோசிக்கக்கூட இல்லை. "அதுவா பாஸ், காப்பார்ல ஒரு வீட்லேருந்து வந்துச்சு. வீடு மாறி வந்தவங்க, லோரி நெறைய சாமான் போட்டாங்க."

மறுநாள் ராகுலின் காரில், ராஜினியையும் சேர்த்து மூன்று பேரும் காப்பாருக்குப் போனார்கள். ஒற்றை மாடி வரிசை வீடு. கதவைத் திறந்தவர் நேசம்மா. எழுபது வயது, கையில் ஊன்றுகோல், இடது காலில் தொடைவரை புதிய பிளாஸ்டிக் கவசம். சிவேந்திரன் கைகளில் இருந்ததைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத எரிச்சிட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் கதை வந்தது. நாலு வயதில் இளம்பிள்ளை வாதம். செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் மற்றப் பெண்கள் சம்மணம் போட்டு வீணை படிக்க, இவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். கால் மடங்காதவளுக்கு வீணை ஏது என்று டீச்சரம்மா சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அண்ணன் திருச்செல்வம். ரயில்வே பட்டறையில், இரும்பு வார்ப்பதற்கு மரத்தில் மாதிரி செய்கிற வேலை. இரும்பு எந்த அளவில் வேண்டுமோ அந்த அளவில் மரத்தைச் செதுக்கித் தருபவர்.

"ஒரு வருசம் செஞ்சாரு. பிக்அப் மட்டும் ஏழு தடவ சுத்துனாரு. எனக்கு அப்போ இருவத்து மூணு வயசு. நாப்பது வருசத்துக்கு மேல வாசிச்சேன், வீட்டுக்குள்ளயேதான். அண்ணன் போனப்போ நான் இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில. செந்தூல் வீட்டக் காலி பண்ணி அவர் மகன் என்ன இங்க கூட்டிட்டு வந்துட்டான். அவனுக்கு அது பழைய சாமான். நான் கேக்கல தம்பி. வச்சுப் பாக்குறவனக் கேள்வி கேக்கலாமா?"

சிவேந்திரன் பள்ளத்தைக் காட்டினார். "இது எதுக்கு அக்கா?"

நேசம்மா கட்டிலுக்கு அடியில் இருப்பதை எடுக்கும்படி ராஜினியிடம் சொன்னார். வந்தது ஒரு பழைய இரும்புக் கால் கவசம். தோல் வார், சப்பாத்தோடு. அதன் மேல்வளையத்தைக் கிதாரின் பள்ளத்தில் வைத்தார். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. அது மரத்தில் போய் அமர்ந்த விதத்தைப் பார்த்து ராகுல் "ஐயோ" என்றார்.

கவசமும் மரமும் சேரும் இடத்தைச் சிவேந்திரன் விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ கிதாரைப் பிரித்துப் பார்த்தவர். பெரிய பெரிய பெயர்களையெல்லாம் கையில் வைத்தவர். மனிதன் தன்னைக் கருவிக்கு ஏற்ப வளைத்துக்கொள்வதைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். இங்கே ஒரு பட்டறைத் தொழிலாளி, வளையாத ஒரு காலுக்காக வீணையையே வளைத்திருக்கிறான். கடவுளே, எப்பேர்ப்பட்ட மனுஷன்!

ராகுல் கிதாரை எடுத்து நேசம்மாவின் மடியில் வைத்தார். அது நழுவியது. மறுபடி வைத்தார், மறுபடி நழுவியது.

"இந்தப் புதுக் கவசம் அகலம் தம்பி. இரும்பு இப்போ போட முடியாது, புண்ணாயிடுது." தந்திகளை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுத் திருப்பி நீட்டினார். "பாத்ததே போதும். நீங்க வாங்குன சாமான், நீங்களே வச்சுக்குங்க."

ராகுல் வாங்கவில்லை. சிவேந்திரனைப் பார்த்தார்.

"அங்கிள், நாளைக்கு வெட்டத்தானே போறீங்க? ஆன்டி காலுக்கு வெட்டுங்க."

சிவேந்திரன் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டார். கவசத்தின் விளிம்பில் நாடாவை வைத்து, பள்ளம் இன்னும் பதினோரு மில்லிமீட்டர் அகல வேண்டும் என்று மரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சரிதானா என்று இன்னொரு முறை அளந்தார். மூன்றாம் முறையும் அளந்தபோது நேசம்மா சிரித்துவிட்டார்.

"அண்ணனும் இப்படித்தான். இந்தக் கால் ஏன் இப்படி ஆச்சுன்னு ஊரே கேட்டுச்சு. அவர் ஒருத்தர்தான் எத்தன இன்ச்சுன்னு கேட்டாரு."

சிவேந்திரன் தலை நிமிரவில்லை. கண்ணீர் விழுந்தால் பென்சில் குறி அழிந்துவிடும் என்று, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு நான்காம் முறை அளந்தார்.