கயிறு பிடித்த கை

மூதூர்த் தையற்காரர் முத்தலிப்புக்கு வலக்கையில் மூன்று விரல்கள் போனது 1957ஆம் ஆண்டு மாரியில். அவருடைய வழக்கை எழுதியவன் நான். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், வழக்குத் தயாரிக்கும் ஒரு பிரக்கிராசியாரிடம் கிளாக்கராக இருந்தேன். வேறு ஆட்கள் எழுதிய வழக்குத் தோற்றால் நான் வாய்விட்டுச் சிரிப்பவன். இந்த வழக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

முத்தலிப் ஆள் ஒல்லி, வாய் பெரிது. கிழமைக்கு ஒரு தடவை துணி எடுக்க, மோட்டார் லோஞ்சில் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வருவார். தான் தைத்த சட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார், தான் கயிறு பிடிப்பதைப் பற்றி ஓயாமல் பேசுவார். லோஞ்ச் இறங்குதுறைக்குக் கிட்ட வரும்போது பின்கயிற்றை லோஞ்ச்காரன் பார்த்துக்கொள்வான். முன்கயிறு பயணிகளுடையது. முன்னால் இருக்கிற ஆம்பிளை எவராவது கயிற்றோடு கரைக்குத் தாவி மரக்குற்றியில் சுற்றிவிடுவார். அப்படிச் சுற்றியவரிடம் அன்றைக்குச் சீட்டுக்காசு கேட்பது மரியாதையில்லை. யார் போட்ட சட்டமென்று தெரியாது, எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். நானும் எத்தனையோ தரம் பிடித்திருக்கிறேன்.

அன்றைக்குக் கடல் கலங்கியிருந்தது. முத்தலிப் கயிற்றைச் சுற்றும்போது ஓர் அலை லோஞ்சைப் பின்னுக்கு இழுத்தது. கயிற்றுக்கும் குற்றிக்கும் நடுவில் அவருடைய கை.

லோஞ்சுக்குக் கொழும்புக் கம்பனியொன்றின் இன்சூரன்ஸ் இருந்தது. பயணிக்குக் காயம் பட்டால், பிழை யாருடையதென்று பாராமல் பணம் கொடுக்கவேண்டும் என்று பத்திரத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்தபோது இது கையில் கிடைத்த வழக்கு என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய மடையன் நான்!

மூன்று கடிதம் போட்டோம். கம்பனி மறுத்தும் எழுதவில்லை, ஏற்றும் எழுதவில்லை. வழக்குப் போடக் காசு வேண்டும். முத்தலிப் தன் தையல் மெஷினைத் திருகோணமலைத் துணிக்கடை முதலாளியிடம் ஈடு வைத்தார். தீர்ப்பு வரும்வரை மெஷின் வீட்டிலேயே நிற்கலாம், தோற்றால் அன்றைக்கே தூக்குவேன் என்பது முதலாளியின் பேச்சு. அதற்குள் முத்தலிப்பின் மனைவி ஸல்ஹா அந்த மெஷினில் தைக்கப் பழகியிருந்தார். ஐந்து வயிறு அந்தத் தையலில்தான் கழுவப்பட்டது.

வழக்குத் தவணைக்குப் பத்து நாள் முன்பு முத்தலிப் எங்கள் கந்தோருக்கு வந்தார். முகத்தில் நல்ல வெளிச்சம்.

"கிளாக்கர் ஐயா, வெள்ளைக் களிசான் போட்ட ஒரு மனிசன் மூணு நாளா எங்கட லோஞ்சில போய் வாறார். நல்ல மனிசன். என்ட கையைப் பார்த்துக் கவலைப்பட்டார்."

"என்ன கதைச்சவர்?"

"கயித்துக் கதைதான். ஆர் புடிக்கிற, எப்பிடிப் புடிக்கிற, காசு குடுக்கிறயா எண்டெல்லாம் கேட்டார். ஒரு கொப்பியில எழுதினார்."

"அவர் ஒருக்காவெண்டாலும் கயிறு பிடிச்சவரோ?"

"இல்ல. கையைப் பொக்கட்டுக்குள்ள போட்டுக்கொண்டு இருந்தார்."

அவர் கம்பனி அனுப்பிய ஆள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் வழக்குத்தாளில் கயிறு என்ற சொல்லே இல்லை. இறங்கும்போது காயம் என்று மட்டும் எழுதியிருந்தேன். மூச்சு விடுவதை யார் எழுதுவார்கள்? பிரக்கிராசியாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு ஒருநாள்தான் தற்செயலாய்ப் பிடிச்சனான் எண்டு சொல்லச் சொல்லும். வழக்கமெண்டால் ஆளை லோஞ்சின்ர வேலையாளாக்கிப் போடுவாங்கள்."

முத்தலிப் தலையாட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை நாளில், கோட்டில் கம்பனிக்காக வாதாடிய அப்புக்காத்து அதட்டவேயில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முத்தலிப், அன்றைக்கு ஒருநாள்தான் கயிறு பிடித்தீர்களா?"

"ஓம்."

"பாவம். பழக்கமில்லாத வேலை. கயிறு பிடிக்கத் தெரியாமல் போய்த்தான் கை நசுங்கியது, இல்லையா?"

முத்தலிப்பின் கழுத்து நரம்பு புடைத்தது. வேண்டாம், முத்தலிப் காக்கா என்று எனக்குள் கத்தினேன்.

"ஆருக்குத் தெரியாது? எனக்கா? இருவது வருசமாப் புடிக்கிறன்! நான் புடிச்சா லோஞ்ச் ஒரு இடி இடிக்காது. என்னட்ட ஒருத்தனும் சீட்டுக்காசு கேக்கிறதுமில்ல, ஊருக்கே தெரியும்!"

அப்புக்காத்து நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. கூலிக்குப் பதிலாகப் பயணக்காசு தள்ளுபடி செய்யப்பட்ட இவர் அன்றைக்கு லோஞ்சின் வேலையாள், பயணி அல்ல. பத்திரம் பயணிக்கு மட்டும்.

முதலாளி எங்களுக்கு முந்தின லோஞ்சிலேயே மூதூருக்குப் போய்விட்டாராம். அவரிடம் தவணை கேட்டுப் பார்ப்போமென்று முத்தலிப்போடும் ஸல்ஹாவோடும் நானும் லோஞ்ச் ஏறினேன். தீர்ப்பு எங்களுக்கு முந்தியே லோஞ்சுக்குள் ஏறியிருந்தது. முன்பக்கத்து வாங்குப் பலகை வெறுமையாகக் கிடந்தது, எல்லாரும் பின்னால் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். முத்தலிப் கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூதூர் இறங்குதுறை கிட்டியது. அங்கே ஏதோ சாமான் ஏற்றக் காத்திருந்தது. பூப்போட்ட படுக்கைத் துணியால் சுற்றி, சணல் கட்டியிருந்தார்கள். துணிக்குக் கீழே இரும்பு மிதி தெரிந்தது. முதலாளியின் ஆட்கள் இரண்டுபேர் பக்கத்தில் குந்தியிருந்தார்கள்.

"அது எங்கட படுக்கைத் துணி," என்றார் ஸல்ஹா.

லோஞ்ச்காரன் முன்கயிற்றைத் தூக்கிப் போட்டான். அது வாங்கில் விழுந்து, வழுகித் தண்ணீருக்குள் போனது. லோஞ்சின் தலை கல்லுப் பக்கம் திரும்பியது.

"ஆராவது ஒரு கை குடுங்களன்!" என்று அவன் கத்தினான்.

முத்தலிப் எழும்பினார். இடக்கை தானாக நீண்டது. ஸல்ஹா அந்தக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இரிங்க. நாம பயணம் வந்த ஆக்கள்."

லோஞ்ச் இடித்தது. இறங்குதுறையில் மெஷின் ஒருமுறை ஆடி நின்றது. ஒருவரும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.