தைசீர் சொல்லாத புண்

ஜோர்டானில் இர்பித்துக்கும் அஜ்லூனுக்கும் இடையில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த தைசீருக்கு வாயில் புண் வராத மாதமே கிடையாது. காலையில் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் எலுமிச்சை பிழிந்த அவரைக்கொட்டை மசியலை ஒரு கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் மட்டும் ரொட்டியைத் தேநீரில் நனைத்துப் பல் போன கிழவன் மாதிரி விழுங்குவான்.

"என்னடா, பொண்டாட்டி வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டாளா?" என்பான் அடுத்த பஸ்காரன் முஃப்லிஹ்.

"அந்தப் பூட்டை உன் வாய்க்குப் போட்டிருந்தா ஊரே நிம்மதியா இருக்கும்" என்பான் தைசீர், உதட்டை அசைக்காமல்.

வயிற்றுச் சூடு என்று அவன் அம்மா மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கக் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் சத்துக் குறைவு என்றார். முட்டி வீங்கியபோது எலும்பு டாக்டர், நாள் முழுக்க கிளட்ச் மிதித்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். அவர் போடச் சொன்ன ஊசியின் இடத்தில் மறுநாளே சீழ்க்கொப்புளம் கிளம்பியது. குளிக்கிற பழக்கமே இல்லையா என்று நர்ஸ் அவனைத்தான் திட்டினாள். ஆளுக்கொரு துண்டாக அவனைப் பங்கு போட்டுக்கொண்டார்களே தவிர, இத்தனையும் ஒரே உடம்புக்கு ஏன் வருகிறது என்று படித்தவர்களில் ஒருவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இன்னொரு புண்ணும் இருந்தது. அது இடுப்புக்குக் கீழே, யாரிடமும் காட்ட முடியாத இடத்தில் வரும். மூன்று வாரம் உயிரை எடுத்துவிட்டுத் தழும்போடு போகும். தைசீர் மனைவியைத் தவிர இன்னொரு பெண்ணை ஏறெடுத்துப் பார்த்தவன் இல்லை. ஸ்டாண்டுக் கழிப்பறையில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் அவன் துணியைத் துவைக்கிறவள் அவன் மனைவி கிதாம். நாலைந்து முறை உள்ளாடையில் கறையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் படுக்கிற அறைக்குப் போய்விட்டாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருப்பான். அதற்கு முதலில் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும். அதை எடுக்கத்தான் நாக்கு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி மரியாதையாக வாழ ஆரம்பித்தார்கள்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் கண் சிவந்தது. இரண்டு நாளில் இடது கண்ணுக்கு எதிரே புகை மாதிரி ஏதோ நின்றது. டிரைவருக்குக் கண் போனால் அப்புறம் என்ன இருக்கிறது? அரண்டு போய் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

ஓடினான் என்றால் தனியாகவா? எங்கள் ஊரில் ஒருவனுக்கு நோய் என்றால் வீடே கிளம்பும். அம்மா, அக்கா நஜாஹ், தாய்மாமன், கிதாம் என்று எல்லாரும் அந்தச் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். கண் டாக்டர் படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட ஆகாத இளம்பெண். கருவியில் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "வாய்ப்புண் அடிக்கடி வருமா?" என்றாள்.

"வாய்ப்புண் யாருக்கும்மா வராது? வயித்துச் சூடு" என்று பதில் சொன்னது அம்மா.

"வேற எங்கயாவது புண் வருதா? கீழே, மறைவான இடத்துல?"

நஜாஹ் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். மாமன் கனைத்தார். அம்மாவின் முகம் ரத்தமாகச் சிவந்தது.

"இது என்ன கேள்வி டாக்டரம்மா? என் புள்ள மானத்தோட வாழறவன். கண்ணைக் காட்ட வந்தா கண்ணைப் பாருங்க!"

டாக்டர் தைசீரைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றான்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். கேட்கத் தெரிந்தவளுக்கு, எல்லாரையும் ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லத் தெரியவில்லை. சொட்டு மருந்து கொடுத்தாள். புகை விலகியது. அம்மா கண்ணூறு கழித்து, வண்டிக் கண்ணாடியில் நீல மணி கட்டிய பிறகுதான் பஸ்ஸை வெளியே எடுக்க விட்டாள்.

புகை திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்தில் விலகும், விலகும்போது கொஞ்சம் பார்வையையும் கூட்டிக்கொண்டு போகும். இரண்டு வருடத்தில் இடது கண் அடியோடு அணைந்தது. அவன் ஒற்றைக் கண்ணோடு, வாய் திறக்காமல், அந்த மலைப்பாதையில் மூன்று மாதம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். இது மகாபாவம், தைசீரே பின்னால் அதைச் சொல்லி அழுதிருக்கிறான். ஒருநாள் வலது கண்ணும் சிவந்தது. அன்றைக்கு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியை முஃப்லிஹ் கையில் கொடுத்தான். கேலி பேசியே பழகிய முஃப்லிஹ் அன்று அவனைத் தன் பஸ்ஸில் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுவிட்டான்.

வலது கண்ணைக் காட்டத் தலைநகர் அம்மானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டாக்டர் வயதானவர், நறுக்கென்று பேசுகிறவர். கூட்டத்தைப் பார்த்ததுமே, "நோயாளி மட்டும் இருக்கட்டும். மத்தவங்க போய் டீ குடிங்க" என்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

கதவு சாத்தியதும் அதே கேள்வியைக் கேட்டார். தைசீர் பழக்கத்தில் "இல்லை" என்றான். அவர் பேனாவை எடுக்கவேயில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

"வருது டாக்டர். ஏழு வருஷமா வருது. ஆனா அல்லாஹ் மேல ஆணை, நான் தப்பான இடத்துக்குப் போனதில்ல."

"போயிருக்கவே வேண்டாம். இது அப்படி வர்ற நோய் இல்ல. யாருக்கும் ஒட்டாது. வாய், முட்டி, ஊசிக் கொப்புளம், கண்ணு, கீழ வர்றது எல்லாம் ஒரே நோய்தான். பெஹ்செட்னு பேரு. நம்ம பக்கம் நிறையப் பேருக்கு இருக்கு, வெளிய சொல்றவங்கதான் இல்ல."

தைசீர் கேட்டான். "ரெண்டு வருஷம் முன்னாடி கண் டாக்டரம்மா ஒருத்தங்க இதையே கேட்டாங்க. அன்னிக்கே நான் ஆமான்னு சொல்லியிருந்தா?"

"அன்னிக்கே சரியான மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கண்ணு பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். இப்ப இந்தக் கண்ணுல இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். வண்டி மட்டும் இனி வேண்டாம். ஒண்ணு செய்ங்க. வீட்டுல எல்லார்கிட்டயும் இதைச் சொல்லுங்க. கூடப் பொறந்தவங்க, புள்ளைங்க யாருக்காவது இப்படி இருந்தா மறைக்காம வரட்டும்."

திரும்பும்போது இர்பித் பஸ்ஸில் அம்மாவும் நஜாஹும் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பின்னால் அவனும் கிதாமும். வெளியே இருந்த குன்றுகள் அவனுக்கு ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது போல் தெரிந்தன. எஞ்சின் சத்தம் ஏறுகிற மேட்டுக்காகக் காத்திருந்து, அவள் காதருகில் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் முழுக்கக் கேட்டு முடித்தாள். பிறகு, மூத்த பிள்ளை பேரைச் சேர்த்து எப்போதும் அழைக்கிறபடி, "அபூ முஹன்னத், அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப நான் உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன்" என்றாள். "ஆமான்னு சொல்ல வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க எங்கயோ போய் வாங்கிட்டு வந்ததுன்னு நினைச்சேன். உங்கம்மா முன்னாடி உங்க தலை குனியக் கூடாதேன்னு முழுங்கிட்டேன்."

தைசீர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். அவள் தன்னை அருவருத்துத்தான் ஒதுங்கினாள் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தான். அந்த அருவருப்புக்குள்ளேயும் அவள் அவன் மானத்துக்குக் காவல் நின்றிருக்கிறாள். அந்தக் காவலில்தான் கண் போயிருக்கிறது. யாரைப் போய் நொந்துகொள்வது?

முன் சீட்டிலிருந்து அம்மா திரும்பினாள். "ஏன்டா, எங்களை எல்லாம் வெளிய தள்ளிட்டு அந்த ஆளு அப்படி என்னதான் கேட்டான்?"

நஜாஹும் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள், அவன் வண்டியில் ஏறி இறங்கியவர்கள். டாக்டர் சொல்லியனுப்பியது முழுக்க அவனுக்கு நினைவிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா" என்றான் தைசீர். "கண்ணைத்தான் பார்த்தாரு."

கிதாம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.