புது கன்ட்ரோலும் ஜன்னல் சீட்டும்

கார் ரேஸ் கேமில் கன்ட்ரோலை மாற்றிவிட்டார்கள். இனி வளைவு முடியும்வரை இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

“இன்னாக்கா இது! பழசுல ஒரே விரல்ல ஓட்டிகினு இருந்தேன்,” என்று கம்பெனி பஸ்ஸில் புலம்பினான் மண்ணூர் தினேஷ். பாதி வளைவிலேயே விரலை எடுத்து, காரைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

“புதுசுதான்டா நல்லாருக்கு,” என்றேன் கடைசி சீட்டிலிருந்து.

“மோதாம ஓட்டிட்டா என் ஜன்னல் சீட்டு உனுக்கு.”

ஓட்டினேன். ஒரு கீறல் இல்லை. பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

“எப்டிக்கா?”

“கம்பெனில தகடு அடிக்கிற பிரஸ் மெஷின்ல நான் என்னடா பண்றேன்? ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கிப் புடிச்சாத்தான் பிரஸ் கீழ இறங்கும். ஒரு கைய எடுத்தா பாதியில நின்னுடும். ஷிப்ட் பூரா இதே வெளயாட்டுதான்.”

இதை ஜன்னல் காற்றில் டைப் செய்கிறேன். பழைய கன்ட்ரோல்தான் உசத்தி என்பவர்கள் கமென்ட்டில் வரலாம்.

கடைசி சீட்டில் தினேஷ் பக்கத்தில் இடம் இருக்கிறது.