நசுங்கித் தெரிந்த அலைக்கோடு

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலை. பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து சின்னதாக ஒரு டிசைனிங் கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, பாக்கெட் லேபிள் என எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் நான் வரைவேன். தமிழ், மலையாளம் டைப்பிங் எல்லாம் அவள் பொறுப்பு.

அன்று கடை திறந்ததும் ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஊர் இடுக்கிப் பக்கம் சாந்தன்பாறை. எருத்தேன்பதியில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்க வந்தவர், மதியம் ஊர் திரும்புவதற்குள் ஒரு லேபிள் வேண்டும் என்றார். தங்கள் தோட்டத்து ஏலக்காயைச் சின்னச் சின்னப் பாக்கெட்டாகப் போட்டு விற்கப் போகிறாராம்.

"எங்க மலை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிக்கும் தங்கச்சி. அது மாதிரி பேருக்குக் கீழ மூணு வளைகோடு போட்டா போதும்" என்றார்.

அலை அலையான கோடு என்றால் கஷ்டமான வேலை என்று பலர் நினைப்பார்கள். கையால் வரைந்தால் கஷ்டம்தான். கம்ப்யூட்டரில் ஒரு நேர்கோட்டை இழுத்து, 'ஜிக்ஜாக்' என்ற கட்டளையைக் கொடுத்து, எத்தனை மேடு வேண்டும் என்று சொல்லி, முனைகளை மழுங்கச் செய்தால் முடிந்தது. எல்லா மேடும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. கணக்குப் போட்டு வரைவதால் பிசகவே பிசகாது. அதனால் அவருக்கு ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே கோட்டைப் போட்டேன்.

நடுவில் ஒரு அலை மட்டும் நசுங்கியிருந்தது.

அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் நசுங்கல். சரி, ஒரே ஒரு அலையை வரைந்து, அதையே நகலெடுத்து வரிசையாக ஒட்டவைப்போம் என்று செய்தேன். அப்படிச் செய்தால் ஒன்று மட்டும் மாற வழியே இல்லை. அதிலும் ஒன்று சப்பையாக இருந்தது. ஃபைல்தான் கெட்டுவிட்டது என்று புது ஃபைல் திறந்தேன். எரிச்சலில் மவுஸைத் தட்டினேன். கடைசியில் கோட்டை அப்படியே பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தினேன். அலைகள் நகர்ந்தன. நசுங்கல் நகரவில்லை. நான் எதை உற்றுப் பார்த்தேனோ அந்த அலைதான் நசுங்கியது.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே மாதிரித்தான இருக்குதுங்கண்ணி" என்றாள். பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். காகிதத்திலும் அதே சப்பை. அளந்து காட்டிவிடலாம் என்று மேஜை மேல் இருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

ஸ்கேலும் நடுவில் வளைந்திருந்தது.

ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விரலால் தடவினால் நேராக இருக்கிறது, பார்த்தால் வளைந்திருக்கிறது. நாத்தனார் சிரித்தாள். பக்கத்தில் இருந்த அந்த அக்கா சிரிக்கவில்லை. அதுவரை மலையைப் பற்றிக் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், என் கண்ணாடியைக் கழற்றாமலேயே தன் உள்ளங்கையால் என் வலது கண்ணை மறைத்தார்.

"இப்பப் பாருங்க" என்றார்.

திரையின் நடுவில் ஒரு சாம்பல் திட்டு. சுற்றியிருந்த அலைகள் எல்லாம் ஏதோ குழிக்குள் இழுபட்டதைப் போல் நெளிந்தன. திடுக்கிட்டு அவர் பக்கம் திரும்பினேன். அவருடைய காதுக் கம்மல் தெரிந்தது, நெற்றிப் பொட்டு தெரிந்தது. மூக்கு இருக்க வேண்டிய இடம் கலங்கிய தண்ணீர் போல் இருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு" என்றார் அவர், மெதுவாக. அவருடைய கணவர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவராம். கதவு நிலை கோணலாகத் தெரிகிறது, ரோட்டோரக் கல் வளைந்து தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும், ஏலக்காய் எடுத்து முடியட்டும், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு கண்ணில் நடுப்பார்வை முழுக்கப் போயிருந்தது. அடுத்த கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. இப்போது அவரால் வண்டியைத் தொட முடியாது. ஏலக்காய் பாக்கெட் போடும் யோசனையே அதனால்தான் வந்தது.

நான் அப்போதும், "நாளைக்குப் போறனுங்க அக்கா, இன்னிக்கு அச்சுக்குப் போக வேண்டிய வேலை கிடக்குது" என்றேன். பயத்தில் வந்த பேச்சு அது. போகாமல் இருந்தால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும் என்பது போல.

"நாளைக்கின்னு மட்டும் சொல்லாதீங்க தங்கச்சி" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் நான் எழுந்துவிட்டேன்.

என் கணவர் தேங்காய் லோடுடன் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. நாத்தனார் கடையைப் பூட்டிவிட்டு என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். முன்பின் தெரியாத அந்த அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "நான் வாறேன்" என்றார். மதியம் ஊருக்குப் போக வேண்டுமே என்று நான் கேட்பதற்குள் வாசலில் இறங்கிவிட்டார்.

கோயம்புத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தபடியே போனேன். வலது கண்ணில் ஜன்னல் கம்பி நேராக இருந்தது. இடது கண்ணில் அதே கம்பி நெளிந்தது. இத்தனை வாரமும் இது இருந்திருக்கிறது. எழுத்து மங்கியபோது மானிட்டரைக் குறை சொன்னேன், வரி கோணியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்து வேலை பார்த்திருக்கிறது. வேலந்தாவளம் தாண்டும்போது அழுகை வந்துவிட்டது. அந்த அக்கா என் கையைப் பிடித்து, "மூடிட்டுப் பார்க்கிறத விடுங்க. பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடும்" என்றார்.

எந்த ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியாது. அவரே ஆட்டோவுக்கு வழி சொன்னார். சொட்டு மருந்து விட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். படத்தைப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுவில் புதிதாக ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறது என்றார். என்னைப் போல் சிறுவயதிலிருந்தே கனத்த கண்ணாடி போடும் சிலருக்கு இப்படி வருமாம். கம்ப்யூட்டரால் வந்ததல்ல. "இன்னைக்கே ஊசி போட்டுடலாம். இன்னும் தள்ளியிருந்தா அந்த இடம் தழும்பாகியிருக்கும். அப்புறம் எங்களால பெருசா ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

ஊசி கைக்கு என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குள் என்று அப்புறம்தான் தெரிந்தது. மரத்துப்போக மருந்து விட்டிருந்ததால் வலியில்லை, ஒரு அழுத்தம் மட்டும்தான். ஆனால் அந்த மேஜையில் படுத்திருந்தபோது காலையில் நான் இருந்த உலகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல் இருந்தது.

கண்ணில் கட்டுடன் வெளியே வந்தபோது, நாத்தனார் தகவல் சொல்லி என் கணவர் வந்து சேர்ந்திருந்தார். அக்கா வராந்தாவின் கோடியில், சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். எனக்காக என்று நினைத்து, "பயமில்லைன்னு சொல்லிட்டாங்க அக்கா" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரின் அறையைக் காட்டினார். "கேட்டேன் தங்கச்சி. நல்லதுதான். எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இந்த ரூம்ல வச்சுத்தான் சொன்னாங்க, இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடுகிறேன் என்று என் கணவர் எவ்வளவோ சொன்னார். என்னைத் தனியாக விடக்கூடாது என்று மறுத்துவிட்டுப் போனார்.

அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் சில ஊசிகள். பார்வை ஏறக்குறைய முழுதாகத் திரும்பியிருக்கிறது. அந்த அக்காவுடன் இப்போதும் போனில் பேசுகிறேன். அன்றைக்கு என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாலே அது பெரிய உதவிதான். தன் வாழ்க்கையின் மிக மோசமான செய்தியைக் கேட்ட அதே அறையின் வாசலுக்கு, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்ப வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிப் படியை ஏறியிருப்பேனா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னால் தயங்காமல் பதில் சொல்ல முடியவில்லை.