நாற்பத்து மூன்றாவது பெயர்

நாலு பேர் கூடிவிட்டால் போதும், அவள் உதடு தானாக அசைய ஆரம்பித்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று. பேருந்தில் எண்ணுவாள், டாக்டர் வீட்டு வரிசையில் எண்ணுவாள், படுக்கப் போகும் முன் வீட்டிலிருக்கும் நான்கே நான்கு பேரை மூன்று முறை எண்ணுவாள். "என்ன எண்ணிக்கை, எல்லாரும் இருக்கோமா, இல்ல ஒண்ணு ரெண்டு குறையுதா?" என்று கணவன் கிண்டல் செய்வான். 'எண்ணிக்கை' என்ற அந்தப் பட்டப்பெயர் அவளுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறான், பாவம், வேறு என்னதான் செய்வான்.

அப்போது அவள் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மாடிக் கட்டடம். இவள் இருந்த மேல்மாடியில் நாற்பத்து மூன்று பேர். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு நெட்டை அதிகாரி வந்து இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார். மாடிக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் கேட்டதும் எல்லோரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். இவள் மட்டும் நிமிர்ந்து தொலைத்தாள். பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. மணி அடித்தால் எல்லோரையும் கீழே இறக்கி, எதிர் மைதானத்தில் நிறுத்தி, வாசல் காவலாளி தரும் வருகைப் பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க சொல்ற எண்ணிக்கையை நம்பித்தான் நாங்க உள்ளே போவோம்," என்றார் நெட்டையர். முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரையும் காட்டினார். காற்று தீரப்போகும்போது அது விசில் அடிக்குமாம். அடித்தும் காட்டினார். பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தப் பட்டியல் சுத்தப் பொய் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்றால் வருகை அட்டையைத் தோழியிடம் கொடுத்தனுப்புவார்கள். அவள் இரண்டு அட்டையையும் வாசல் மெஷினில் தேய்த்துவிடுவாள், இரண்டு பேரும் வந்ததாகப் பதிவாகிவிடும். தாமதமாக வருகிறவள் பின்பக்கத்துச் சரக்குக் கதவு வழியாக ஏறி, வேஸ்ட் துணி அறையைத் தாண்டி, பூனை மாதிரி வந்து மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். இதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஒருவருக்கொருவர் செய்யும் உதவி என்றே நினைத்தார்கள்.

அன்று உதவி கேட்டது நாத்தனார். அவளும் அதே மாடியில் பட்டன் தைப்பவள்தான்.

"அண்ணி, பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது. டாக்டர்கிட்ட காட்டிட்டுப் பத்து மணிக்குள்ள ஓடி வந்துடறேன். இன்னொரு தடவை லேட்டுன்னா சீட்டைக் கிழிச்சுடுவாங்க."

"சரி கொடு," என்று இவள் அட்டையை வாங்கிக்கொண்டாள்.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. வேஸ்ட் துணி அறையிலிருந்து கறுப்பாகப் புகை வந்துகொண்டிருந்தது. பயிற்சியில் சொன்னபடி எல்லோரையும் முன்படி வழியாக இறக்கினாள். குறை சொல்ல முடியாது. மைதானத்தில் நின்று பெயர் கூப்பிட்டாள். நாற்பத்து இரண்டு பேர் இருந்தார்கள். நாற்பத்து மூன்றாவது பெயர் நாத்தனாருடையது.

பத்து மணிக்குள் வருகிறேன் என்றவள் வந்துவிட்டாளா? பட்டன் பகுதி இவள் இடத்திலிருந்து தெரியாது, நடுவில் தொங்கும் சட்டைகள் மறைக்கும். பட்டன் பகுதிப் பெண்களைக் கேட்டாள், அவர்களுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டாள். எடுக்கவில்லை.

தீயணைப்பு வண்டியிலிருந்து இறங்கி வந்தது அதே நெட்டையர். "எல்லாரும் வந்தாச்சாம்மா?"

பக்கத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் இரண்டு வேலை போகும். சொல்லாவிட்டால், அவள் உள்ளே இருந்தால்? இவள் பட்டியலை மறுபடி படிப்பதுபோல் குனிந்துகொண்டாள். அரை நிமிடம் என்று இன்றைக்கும் சொல்கிறாள். அங்கே யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

"ஒருத்தி குறையுது சார். உள்ள இருக்காளா இல்லையான்னு தெரியாது. அவ கார்டை நான்தான் அடிச்சேன். வந்திருந்தா பின்வழியா, அந்தத் துணி ரூமைத் தாண்டித்தான் வந்திருப்பா."

மேனேஜர் வாயைத் திறந்தார். நெட்டையர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாதுன்னா, இருக்காங்கன்னுதான் எடுத்துக்கணும்," என்று முகமூடியை இழுத்து மாட்டினார். இன்னொரு வீரரையும் கூட்டிக்கொண்டு புகைக்குள் போனார்.

சிறிது நேரத்தில் தெருமுனையில் நாத்தனார் தோளில் பிள்ளையோடு ஓடி வந்தாள். டாக்டர் அறையில் போனை சத்தமில்லாமல் வைத்திருந்தாளாம். "என்ன அண்ணி, என்னாச்சு?" என்றாள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வண்டி ஓட்டுநரிடம் ஓடினாள். அவர் வாக்கிடாக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கரகரப்பைத் தவிர பதில் இல்லை. அப்போது மேல்மாடியிலிருந்து விசில் கேட்டது. இந்த முறை யாரும் காதைப் பொத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை.

முதுகில் சிலிண்டர் விசில் அடித்தபடியே நெட்டையர் வெளியே வந்தார். கூடப் போனவர் தாங்கிப் பிடித்திருந்தார். மண்டியிட்டு முகமூடியைக் கழற்றி, "பாத்ரூம் ஒண்ணு பூட்டியிருந்துச்சு. அங்கதான் மாட்டிக்கிட்டாங்கன்னு உடைச்சேன். காலி," என்றார். குழாய் ரிப்பேர் என்று ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறை அது. அவருடைய இடது கையுறை கருகியிருந்தது. அதைக் கழற்றியபோது இவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், ஆனாலும் பார்த்தாள்.

அந்த வாரமே இரண்டு பேருக்கும் வேலை போனது. நாத்தனார் பத்து மாதம் இவர்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. இவள் ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையரின் கட்டில் ஓரத்தில் நின்று அழுதாள்.

"அழுது என்ன ஆகப்போகுது?" என்றார் அவர். "கம்பெனி கம்பெனியாப் போய் நான் சொல்றேன், சிரிக்கிறாங்க. நீங்க கூட வாங்க."

ஏழு வருடமாகப் போகிறாள். ஒவ்வொரு முறையும் முதல் நாளே சாப்பாடு இறங்காது. எங்கே போனாலும் நெட்டையர் தொடங்குவது ஒரே கேள்வியில்தான். "இங்க வராதவங்களுக்கு கார்டு அடிச்சவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க." மடங்காத இரண்டு விரல்களோடு அவர் இடது கை மேசைமேல் இருக்கும். கூட்டம் தரையைப் பார்க்கும். இவள் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே தன் கையைத் தூக்குவாள்.