ஜூன் மாதத்துக் கோடை

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மின்னஞ்சலில்தான்.

ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகராட்சியின் சுற்றுச்சூழல் அதிகாரி எழுதியிருந்தார். எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தின் இறுதி அறிக்கையைப் படித்தாராம். ஆராய்ந்த நகரங்களிலேயே கோடையில் வீடுகள் மிகக் குளிர்ச்சியாக இருப்பது மேற்கு சிட்னியில்தானாம். ‘இதை எப்படிச் சாதித்தீர்கள்? எங்கள் குழு நேரில் வந்து கற்றுக்கொள்ள முடியுமா?’

இதைப் படிக்கும்போது அதே மேற்கு சிட்னியின் செவன் ஹில்ஸில் என் வாடகை அறையில் முழங்கை மேசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி அனலை எடுத்து என் மேலேயே வீசியது. வெளியே வெயில் நாற்பதைத் தாண்டியிருந்தது.

எப்படிச் சாதித்தோம்?

ரொம்பச் சுலபம். குளிர்காலத்தில் அளந்தோம்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு தடவை – நான் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளன். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, அதற்கேற்ப நகரங்களும் வீடுகளும் எப்படி மாறுவது என்று பார்க்கிற ஐரோப்பியத் திட்டம் ஒன்றில் மூன்று வருடமாக இருந்தேன். செலவெல்லாம் அங்கே உள்ள மக்களின் வரிப்பணம். நான்கு ஐரோப்பிய நகரங்கள். வெயிலுக்குப் பேர்போன ஊர் ஒன்றும் இருந்தால் நல்லது என்று ஐந்தாவதாக எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை கிடைத்ததும் ஊருக்கு ஃபோன் செய்து அம்மாவிடம் சொன்னேன். “வீட்டுக்குள்ள எவ்வளவு வெயில் தாக்குதுன்னு அளக்குற வேலைம்மா.”

“அதுக்குமா சம்பளம் குடுக்குறாங்க? நம்ம வீட்டுல ஒரு மத்தியானம் வந்து உக்காரச் சொல்லு. சும்மாவே சொல்லி அனுப்புறேன்.”

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எழுத்துல குடுத்திருக்காங்களா?”

“குடுத்திருக்காங்கப்பா.”

“அப்ப சரி.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அச்சில் இருப்பதை எதிர்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை. ரேஷன் கடை போர்டானாலும் சரி, ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் சரி... எழுதியிருந்தால் அது அப்படித்தான். அந்த மரியாதையோடுதான் நான் திட்ட ஒப்பந்தத்தையும் திறந்தேன். தலையணை கனம். நடுவில் ஓர் அட்டவணை. அதில் ஒரு வரி.

‘கோடை வெப்ப அளவீடு – எல்லா நகரங்களிலும் – ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.’

திரும்பவும் படித்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இங்கே நாம் என்ன செய்துகொண்டிருப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே அது நடுக்குளிர்காலம். ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு, மின்சார பில்லை நினைத்துப் பயந்துகொண்டிருப்போம்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் திட்டத்தை நடத்தும் பேராசிரியரிடம் ஓடினேன். நல்ல அம்மா அவர். நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்கே ஐரோப்பாவுக்கு எழுதினார். அங்கே இருப்பவர்களும் கெட்டவர்கள் இல்லை. ‘அடடா, எங்கள் தவறு! பழைய திட்டத்து அட்டவணையை அப்படியே எடுத்துவிட்டோம். அடுத்த கூட்டத்தில் சரிசெய்துவிடலாம்’ என்று உடனே பதில் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அது ஏழாவது பொருள். ஆறாவதோடு நேரம் முடிந்துவிட்டது.

அதற்கடுத்த கூட்டத்தில் பேசினார்கள். தேதியை மாற்ற வேண்டுமானால் ஒப்பந்தத்தையே திருத்த வேண்டும். ஐந்து நகரங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் தருபவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது ஒரு நகரத்துக்காரர் கேட்டார் – “எல்லோரும் ஒரே சமயத்தில் அளந்தால்தானே ஒப்பிட முடியும்? சிட்னி மட்டும் ஜனவரியில் அளந்தால் எப்படி?”

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். கேள்வியில் ஏதோ நியாயம் இருப்பது போலவே இருந்தது.

அதோடு, அளக்கும் கருவிகள் இரவல், கடைசி வருடம் ஜூனில்தான் கைக்கு வரும். செப்டம்பரில் அவற்றை வேறொரு திட்டத்துக்கு அனுப்பியாக வேண்டும். எங்கள் திட்டமே நவம்பரில் முடிகிறது. ஆக, ஜனவரி என்று ஒரு மாதம் அந்தக் காகிதத்தில் கிடையவே கிடையாது.

“அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மொத்தத் திட்டத்தையும் தோல்வி என்று எழுதிவிடுவார்கள்,” என்றார் பேராசிரியர், ஜன்னலைப் பார்த்தபடி. “இப்போதைக்கு அளந்துவிடுவோம். கீழே ஓர் அடிக்குறிப்பு போட்டுக்கொள்ளலாம்.”

படித்தவர்கள் தப்பு செய்யும்போது அதை யாரும் தப்பு என்று சொல்வதில்லை. கீழே அடிக்குறிப்பு போட்டுவிடுகிறார்கள்.

இப்படித்தான் போன ஜூலையில், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பக்கத்து ஊரான பிளாக்டவுனில் புஷ்பம் அன்ரியின் வீட்டுக்குக் கோடை வெப்பத்தை அளக்கப் போனேன்.

அன்ரியும் அவருடைய கணவர் குணம் அங்கிளும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அந்த வீட்டில் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். கறுப்பு ஓடு, மெல்லிய சுவர், மேற்கு பார்த்த ஹால். அங்கிளுக்கு இதயம் பலவீனம். அதற்கு முந்தின கோடையில் ஹாலிலேயே மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ் வந்திருக்கிறது. வெக்கையில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏசி போட வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். அவரை இவர்கள் கண்ணால் பார்த்ததில்லை, எல்லாம் ஏஜென்ட்தான். ஏஜென்ட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம் – ‘வீடு அவ்வளவு சூடு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?’

அந்த ஆதாரத்துக்காகத்தான் அன்ரி எங்களிடம் வந்தார். பிளாக்டவுன் மளிகைக் கடையில் நான் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டுப் பெயர் கொடுத்தார்.

அங்கிள் கம்பளித் தொப்பியோடு கதவைத் திறந்தார். “என்ன தம்பி, இந்தக் குளிருக்கை?”

“வெப்பம் அளக்குற கருவி மாட்ட வந்தேன் அங்கிள்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “புஷ்பம், ஒருக்கா வாரும்! படிச்ச பொடியன் ஒண்டு ஆடி மாசத்திலை வெக்கை தேடி வந்திருக்கு!”

“சும்மா இருங்கோப்பா,” என்று அன்ரி வந்தார். “யூனிவர்சிட்டிப் பிள்ளையள் காரணமில்லாமல் வருங்களோ? தம்பி, நீர் கதிரையிலை இரும். தேத்தண்ணி போடுறன்.”

நான் ஹால் சுவரில் கருவியை மாட்டினேன். அங்கிள் பக்கத்திலேயே நின்றார்.

“உந்த ஹீட்டருக்குக் கிட்ட வையுமன் தம்பி. ஏதேன் காட்டினாத்தானே உமக்கும் சம்பளம்?”

“அப்படி வைக்கக் கூடாது அங்கிள். தப்பான அளவு வந்துடும்.”

“ஓகோ... அதுக்கு மட்டும் சட்டம் இருக்கோ!”

அவரே சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

தேநீரை நீட்டும்போது அன்ரி மெதுவாகக் கேட்டார். “உண்மையைச் சொல்லும் தம்பி. கோடைக்கும் ஒருக்கா வந்து அளப்பியளோ?”

“முயற்சி பண்ணிட்டிருக்கோம் அன்ரி.”

பொய் இல்லை. ஏழாவது பொருளாக இருந்தது அப்போது மூன்றாவதாக முன்னேறியிருந்தது.

அதற்குமேல் முன்னேறவில்லை. செப்டம்பரில் கருவியைக் கழற்றினேன். நவம்பரில் அறிக்கை வந்தது. அடிக்குறிப்பைத் தேடினேன். இருந்தது – நாலாவது பின்னிணைப்பில், பொடி எழுத்தில். எல்லோரும் படிக்கிற சுருக்கத்தில் இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். டிசம்பரில் பங்கேற்ற எல்லா வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் தானாகவே ஒரு கடிதம் அனுப்பியது. மேலே கலர் கலராக முத்திரைகள். கீழே: ‘கோடையில் உங்கள் வீடு – வசதியானது. வெப்ப அபாயம் – குறைவு.’

அன்றைக்கே எழுதினேன், இதைத் திருத்துங்கள் என்று. திட்டம் முடிந்துவிட்டது, முடிந்த திட்டத்தின் முடிவுகளை மாற்ற இப்போது யாருக்கும் அதிகாரமில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அந்த முகவரியே இல்லை என்று மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது.

பாராட்டு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிசம்பரில் போன அந்தக் கம்ப்யூட்டர் கடிதத்தைப் பற்றி அன்ரி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே... சனிக்கிழமை மத்தியானம் கிளம்பிப் போனேன்.

டிரைவ்வேயில் கார் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் இரண்டு பேரும். எங்கோ புறப்படுகிறார்கள் என்று வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். கார் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

“பின்னாலை ஏறும் தம்பி, கெதியா! குளிர் வெளியிலை போகுது,” என்றார் அங்கிள்.

ஏறிக் கதவைச் சாத்தினேன். “எங்க கிளம்பிட்டீங்க?”

“எங்கையும் இல்லை. இஞ்சைதான் இருக்கிறம், மத்தியானம் துவங்கிப் பொழுதுபடுமட்டும். லைப்ரரிக்குப் போனால் கதிரையிலை நித்திரை கொள்ளக்கூடாதாம். இது எங்கட வீட்டு ஏசி ரூம்.”

அன்ரி சிரிக்கவில்லை. மடியில் ஒரு பாத்திரத்தில் திராட்சை வைத்திருந்தார். ஒன்றொன்றாக எடுத்து அங்கிளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்கட கடிதம் வந்தது தம்பி,” என்றார், திரும்பாமலே. “வந்த கையோடை ஏஜென்டுக்கு அனுப்பிப்போட்டன். திறந்தும் பாக்கேல்லை. நீங்கள் அளந்தது தானே, சரியாத்தான் இருக்கும் எண்டு...”

ஏஜென்டின் பதிலை ஃபோனில் காட்டினார். ‘உங்கள் வீடு கோடையில் வசதியானது என்று பல்கலைக்கழகமே உறுதிசெய்திருப்பதில் மகிழ்ச்சி. எனவே உங்கள் கோரிக்கையை முடித்துவைக்கிறோம்.’

“நான் ஒரு கடிதம் எழுதித் தர்றேன் அன்ரி. குளிர்காலத்துல அளந்ததுன்னு விவரமா எழுதறேன்.”

“யூனிவர்சிட்டி பேரிலையோ?”

“இல்ல... என் பேர்ல.”

“உம்மை அவனுக்கு ஆர் எண்டு தெரியும் தம்பி?” என்றார் அங்கிள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

அன்ரி திராட்சைப் பாத்திரத்தை மூடினார். “உம்மைக் குறை சொல்லேல்லை. ஆனால் ஒண்டு. முந்தி எங்களிட்டை ஆதாரம் இல்லை. இப்ப எங்களுக்கு எதிரா ஆதாரம் இருக்கு.”

பின்சீட்டில் எனக்கு வியர்த்தது – அந்த ஏசியிலும்.

யாரும் வந்து ஆராயாத ஊருக்கு ஒரு நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும். என்றைக்காவது யாராவது வருவார்கள், பார்ப்பார்கள், எழுதுவார்கள் என்று. எங்கள் ஊரைப் பார்த்தாகிவிட்டது. அளந்து, அச்சடித்து, பாராட்டும் வாங்கியாகிவிட்டது. இனி யார் வரப்போகிறார்கள்? வந்தாலும், குளிர்ச்சியின் ரகசியத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வருவார்கள்.

ஐரோப்பாவில் எங்கோ ஓர் ஊரில் விடிவதற்கு முன்னால் எழுந்து ரொட்டி சுடுகிற யாரோ ஒருவர் கட்டிய வரி. பூமி சூடாகாமல் இருக்கட்டும் என்று நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். அந்தப் பணத்தில் நாங்கள் அளந்த வீட்டுக்காரர்கள், வீட்டைப் பூட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை எந்த அறிக்கையின் எந்தப் பின்னிணைப்பில் சேர்ப்பது? எனக்குத் தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

இறங்கும் முன் அங்கிள் டாஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். வெளியே 43 என்று பச்சை எழுத்து மின்னியது. தினமும் இதை ஃபோனில் படம் பிடிக்கிறாராம். எல்லாவற்றையும் ஏஜென்டுக்கு அனுப்பினாராம்.

“என்ன சொன்னாங்க அங்கிள்?”

“அது ஆராய்ச்சி இல்லையாம் தம்பி.”

வாஸ்தவம்தான்... அவர் ஜூன் மாதத்தில் எடுத்திருக்க வேண்டும்!